பாறைக்குப் பின்னால் ஒரு ஜோடி

அமெரிக்காவில், சான் ரமோனில் நான் நாலாவது படித்தபோது, அம்மாவின் தம்பியான மாமாவும் அவர் மனைவி அத்தையும் எங்கள் வீட்டு மாடி அறையில் வந்து தங்கினார்கள். மாமாவுக்கு வேலை போயிருந்தது. விசா விதிப்படி அறுபது நாளுக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் இருவரும் ஊருக்குத் திரும்ப வேண்டும். பெரியவர்கள் இதைத் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். எனக்கோ, பகலெல்லாம் வீட்டில் இருக்கும் ஒரு மாமா கிடைத்துவிட்டார். அவருக்கு வேலையே கிடைக்கக் கூடாது என்று பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டேன். அவ்வளவு பிடிக்கும் அவரை.

பள்ளியில் எனக்கு வந்த ப்ராஜெக்ட், வாள் போல நீண்ட பல் கொண்ட, பனியுகத்து வாள்பல் பூனையும் ஆதி மனிதனும். ஷூ பெட்டிக்குள் ஒரு காட்டைச் செய்துகொண்டு போக வேண்டும். போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மாமா களிமண்ணில் பூனையைப் பிடித்தார். கோரைப் பற்களுக்குத் தேங்காயைச் சீவிச் செருகினார். இரண்டு நாளில் அவை மஞ்சளாகி நிஜப் பல்லாகவே தெரிந்தன.

மனிதனுக்குத்தான் வழியில்லை. கொலுவில் வைக்கும் மரப்பாச்சி ஜோடியில் ஆண் பொம்மையை மட்டும் கேட்டேன். அது அம்மாவின் கல்யாணத்துக்கு வந்தது. அம்மா லேசில் மசியவில்லை.

"ஜோடியப் பிரிக்கக் கூடாதுடி. எடுத்துட்டுப் போனா ரெண்டையும் எடுத்துட்டுப் போ. பத்திரம்."

அத்தை பொம்மைகளின் பட்டுத் துணியைக் கழற்றி இருவருக்கும் சாக்குத்துணி கட்டிவிட்டாள். ஆனால் மரப்பாச்சியின் கை உடம்போடு ஒட்டியிருந்தது, ஈட்டி நிற்கவில்லை. ஈட்டி இல்லாத மனிதனுக்கு யார் மார்க் போடுவார்கள் என்று அழுதேன். மாமா யோசித்துவிட்டு, இருவரையும் ஒரு பாறைக்குப் பின்னால் நிறுத்தினார்.

"இவங்க சண்டை போட வரலம்மா. பூனை சாப்ட்டுட்டு மிச்சம் வைக்கும்ல, அதுக்கு வெயிட் பண்றாங்க. அப்பல்லாம் அப்படியும் பொழச்சிருக்காங்க."

எவ்வளவு நேரம் என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"அது போற வரைக்கும்," என்றாள் அத்தை.

மறுநாள் டீச்சர், இவர்கள் ஏன் ஓடவில்லை என்று கேட்டார். மாமா சொன்னதை அப்படியே சொன்னேன். டீச்சர் கைதட்டினார், வகுப்பு சிரித்தது.

சாயங்காலம் சாப்பிடும்போது எல்லாவற்றையும் பெருமையாக ஒப்பித்தேன். இத்தனை கஷ்டப்பட்டு நிற்பதற்கு இவர்கள் பேசாமல் வீட்டுக்கே போயிருக்கலாமே என்று ஒரு பையன் கேட்டதையும் விடவில்லை. மாமா சிரித்தார். அத்தை எழுந்து சமையலறைக்குப் போனாள்.

ரசம் எடுத்துவரப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். ரசம் மேஜை மேலேயே இருந்தது.