சப்பாத்து அலுமாரியில் செலிம் மிளகு

தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். நான் பல்லைப் பார்க்கவில்லை. மாட்டையே கொண்டுபோய்ச் சப்பாத்து அலுமாரிக்குள் கட்டிவிட்டேன்.

சுவிஸில், லோசான் நகரில் புது மெட்ரோவுக்காகத் தெருவெல்லாம் தோண்டிக் கிடந்த காலம். ஒரு ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் எனக்கு வேலை. என்னோடு துணி மடித்தவ டோகோ நாட்டுக்காரி, என்னைவிடப் பத்து வயது மூப்பு. எனக்கு முதல் பிள்ளை பிறந்த கிழமை ஒரு பொட்டலம் தந்தா. உள்ளே சுண்டுவிரல் நீளத்தில் கறுத்து வளைந்த காய்கள், புகை மணத்தோடு. பிரெஞ்சில் அதைச் செலிம் மிளகு என்பார்கள்.

"பிள்ளை பெத்தவளுக்கு எங்கட பக்கம் இதைச் சூப்பில போட்டுக் குடுப்பம். வயித்தைச் சுத்தமாக்கும், வாயுவை இறக்கும், இருமலுக்கும் நல்லது" என்றா. "ஒரு காலத்தில இது பாலைவனம் தாண்டி ஐரோப்பா வரைக்கும் வந்தது. பிறகு உங்கட மிளகு கப்பல்ல வந்து எங்கடதைத் துரத்திப்போட்டுது. கோவமில்லை, கொண்டுபோ."

வீட்டில் மனைவி மணந்து பார்த்து, "நல்லாத்தான் கிடக்கு. ரசத்தில ரெண்டு போடுவமோ?" என்றா.

நான்தான் மறித்தேன். "ஆப்பிரிக்காக்காரி குடுத்ததை நம்பிக் குடிக்கிறதோ? எங்கட சரக்குக்கறி காணாதோ?"

மிளகும் சீரகமும் மஞ்சளும் அரைத்து, பிள்ளை பெற்றவளுக்கு நாங்கள் வைக்கும் அந்தக் கறியும் இதே வேலைக்குத்தான். என் தோலும் வெள்ளைத் தோலில்லை. இதெல்லாம் அன்று எனக்கு ஓடவில்லை. மணத்தை வீணாக்குவானேன் என்று பொட்டலத்தைப் பிரித்துச் சப்பாத்து அலுமாரிக்குள் வைத்தேன். நாற்றம் நன்றாகவே குறைந்தது.

வேலையில் அவ விடமாட்டா. "மனுசி குடிக்கிறாவோ?"

"ஓம், ஒவ்வொரு நாளும்." பால் நன்றாகச் சுரக்குது என்றும் சேர்த்துவிட்டேன். அது அவ கேட்காத பொய்.

மூன்றாம் கிழமை, ஃப்ரிபூர்க்கில் இருந்த அவவின் மகளுக்கு ஒரு மாதம் முந்தியே பிள்ளை பிறந்துவிட்டது. "அவளுக்கெண்டு வைச்சிருந்ததைத்தான் உனக்குத் தந்தனான். ஊரிலயிருந்து ஆள் வர இன்னும் நாள் கிடக்கு. ஏதும் மிச்சம் இருக்கோ?"

துணியைப் பார்த்தபடி, "முடிஞ்சுது" என்றேன். சப்பாத்து நாற்றம் ஏறியதை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள், தீட்டுக் கழிக்கும் துடக்குக் கழிவுக்கு அவவையும் கூப்பிட்டிருந்தோம். எங்கள் வீடுகளில் சப்பாத்தோடு உள்ளே வர ஏலாது. நான் சமையலறையிலிருந்து வருவதற்குள், கழற்றிய சப்பாத்தை ஒழுங்காக வைக்கவென்று அலுமாரியைத் திறந்திருந்தா. பொட்டலம் கையில் இருந்தது. ஒருமுறை மணந்தா. திருப்பி அதே இடத்தில் வைத்து, பக்கத்தில் தன் சப்பாத்தையும் வைத்துக் கதவைச் சாத்தினா. என்னைப் பார்க்கவில்லை.

உள்ளே போய்ப் பிள்ளையை மடியில் வாங்கினா. மனைவிக்கு அப்போது பிரெஞ்சு வராது. "மனுசிக்கு உடம்பு எப்பிடியெண்டு கேட்டுச் சொல்லு" என்றா அவ என்னிடம்.

கேட்டேன். என் பொய்களெதுவும் தெரியாத மனைவி சொன்னா: "சுகம்தான் எண்டு சொல்லுங்கோ. அவ தந்ததைக் குடிக்க எனக்கு விருப்பமிருந்தது, இவர்தான் விடேல்லை எண்டும் சொல்லுங்கோ."

ஒரு சொல்லும் விடாமல் பிரெஞ்சில் சொன்னேன். காது சுட்டது. அந்த ஒரு மாதத்தில் அவவிடம் நான் சொன்ன முதல் உண்மை அதுதான், அதுவும் இன்னொருத்தியுடையது.

அவ பிள்ளையின் காலைத் தடவிக்கொண்டிருந்தா. "அடுத்த பிள்ளைக்கு அவவின்ர கையில குடுப்பன்" என்றா. "உன்னட்டைக் குடுத்துவிடமாட்டன்."