போக்கா சொல்லாத சொல்

ஒரு சொல்லைப் பிழைப்புக்கென்று கொடுத்துவிட்டால், வீட்டில் புழங்குவதற்கு அது மிஞ்சுமா?

“உங்க மூடுதுணி அலமாரியில இருக்குங்க. குளிருது, எடுத்துக்குங்க” என்கிறார் அக்கா, கணவரிடம். மூடுதுணி என்றால் போர்வை. தொலைபேசி மணி அடித்தால், “காதுல வைக்கிறது கூப்பிடுது பாருங்க” என்பார். போலீஸ்காரர்கள் அவருக்குக் காக்கிச்சட்டைகள். சாப்பாட்டுத் தட்டின் மேல் கையை விரித்து “நெறைஞ்சிடுச்சு, நெறைஞ்சிடுச்சு” என்று பதறுவாரே தவிர, போதும் என்று சொல்லமாட்டார். கணவர் வருகிறவர்களிடமெல்லாம் முறையிடுவார்: “கல்யாணமான நாள்லேர்ந்து இவ என்னை ‘போய்யா’ன்னு ஒரு தடவை திட்டினதில்லை. தங்கமான குணம்னு பீத்திக்கிட்டுத் திரிஞ்சேன். குணமில்லை, தொழில்னு அப்புறந்தான் தெரிஞ்சுது.”

தொழில், பல்கலைக்கழகக் கலையரங்கில் மேடை நிர்வாகம். நடனத் துறை மாணவர்கள் ஆண்டுதோறும் ஒரு நிகழ்ச்சி தயாரித்து மேடையேற்றுகிறார்கள். ஆட்டம் அவர்கள் பாடு. விளக்கு எப்போது மாறுவது, எப்போது அணைவது என்பது அக்காவின் பாடு. மேடையோரம் ஒரு முக்காலியில், தலையில் ஹெட்செட்டுடன் உட்கார்ந்திருப்பார். அரங்கின் பின்புறம், உயரத்தில், கண்ணாடி அறைக்குள் லைட்டுக்காரர். அக்கா ‘தயார்’ என்றால் அவர் விரல் பொத்தானுக்கு மேல் வந்து நிற்கும். ‘போ’ என்றால் அழுத்தும். வேறு யார் கத்தினாலும் அந்த விரல் அசையாது.

லைட்டுக்காரர் சுறுசுறுப்பானவர். சிக்கலே அதுதான். சொல் முடியும்வரை காத்திருக்கமாட்டார். முன்பொரு ஒத்திகையில், டம்ளரில் தண்ணீர் ஊற்றிய பெண்ணிடம் அக்கா “போதும்” என்றார். மேடை இருண்டது. தோழிகளின் தோள்மீது நின்றிருந்த மாணவி திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். விளக்குகள் திரும்ப வந்ததும் அக்கா கோபமாக, “போதும்னுதானே சொன்னேன்!” என்றார். மறுபடி இருண்டது.

“என்னண்ணே இது?”

“அதுல முன்பாதி ‘போ’தானேம்மா?” என்றார் லைட்டுக்காரர்.

அன்றிலிருந்து அந்த எழுத்தில் தொடங்கும் வேறெதையும் அக்கா வாயில் வைப்பதில்லை. மேடையில் மட்டும் என்றுதான் முடிவு. ஆனால் எது மேடை, எது சமையலறை என்று நாக்குக்கு விளங்கவில்லை. மாணவர்கள் ‘போ அக்கா’ என்று கூப்பிடப்போய், அது போக்கா ஆயிற்று. ஆக, தன் பெயரையே தான் உச்சரிக்க முடியாத நிலை. இதை அர்ப்பணிப்பு என்பவர்கள் உண்டு. அவருக்குத் தன் நாக்கின் மேல் நம்பிக்கையில்லை என்பதற்கு மேல் சொல்ல இதில் எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை.

இந்த ஆண்டு நிகழ்ச்சியின் கடைசி ஆட்டம், ஒரு பேருந்து நிறுத்தம். துறையின் மேடம் மாணவர்களைத் தெருவுக்கு அனுப்பினார். காத்திருப்பவர்கள் எப்படிக் கால் மாற்றுகிறார்கள், கொட்டாவியை எப்படி மறைக்கிறார்கள் என்று பார்த்துவரச் சொல்லி, அந்த அசைவுகளையே கோத்து ஆட்டமாக்கினார். ஒவ்வொருவராகப் பேருந்தில் ஏறிப்போவார்கள். கடைசி ஆள் ஓடிவந்து, வண்டியைத் தவறவிட்டு, நடுவில் விழும் வெளிச்ச வட்டத்துக்குள் நிற்க வேண்டும். இசை முடியும், விளக்கு அணையும்.

அந்தக் கடைசி ஆள், ஒட்டகம். உயரமும் கழுத்தும் வாங்கித் தந்த பெயர். சென்ற ஆண்டு இதே பாடத்தில் தோற்றவன். இந்த ஆட்டம்தான் அவனுக்கு மறுதேர்வு. தேர்வாளர் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். இதிலும் தோற்றால் பட்டம் இல்லை. ஒத்திகைகளில் அவன் ஒருநாளும் வட்டத்துக்குள் நின்றதில்லை, பிரேக் பிடிக்காத வண்டிபோல அதைக் கடந்துவிடுவான்.

“ஏண்டா, வட்டம் தெரியலையா உனக்கு?”

“கண்ணுக்குத் தெரியுதுக்கா. காலுக்குத்தான் தெரியலை.”

மேடம் அக்காவைத் தனியே கூப்பிட்டார். “இவன் சொதப்பினா யோசிக்காதீங்கக்கா. அந்த நிமிஷமே இருட்டாக்கிடுங்க. மத்த பிள்ளைங்க உழைப்பும் இதுல இருக்கு.”

“இவன் மார்க்கு, மேடம்?”

“இருட்டுல ஆடுறதுக்கு யார் மார்க் குடுப்பா? நான் என்னக்கா பண்றது?”

அக்கா தலையாட்டினார்.

நிகழ்ச்சியன்று ஒட்டகம் ஓடிவந்தான். “தயார்” என்றார் அக்கா. வட்டத்தைத் தாண்டினான், நிறுத்தத்தில் போட்டிருந்த பெஞ்சு இடறியது, பெஞ்சோடு சேர்ந்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். இசை முடிந்துவிட்டது.

“சொல்லுங்கக்கா!” என்று ஹெட்செட்டில் மேடத்தின் குரல். “அக்கா! தூங்கிட்டீங்களா? அந்த ஒரு எழுத்தைச் சொல்லித் தொலைங்களேன்!”

“அம்மா, எனக்கு விரல் மரத்துப்போச்சும்மா” என்றார் லைட்டுக்காரர்.

அக்கா தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

இருட்டுக்காகக் காத்துக் கிடந்த ஒட்டகம், அது வரப்போவதில்லை என்று கண்டு, மெல்ல எழுந்தான். முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டான். பேருந்து போன திசையைக் கழுத்தை நீட்டிப் பார்த்தான். பெஞ்சை நிமிர்த்தி, அதில் உட்கார்ந்தான். பிறகு கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விட்டான். மேடம் சொல்லித்தராத அசைவு அது. யாரோ சிரித்தார்கள், அரங்கமே சிரித்தது. சிரிப்பு முழுக்க அடங்கிய பிறகே அக்கா வாயிலிருந்து கையை எடுத்தார்.

“போ.”

கூட்டம் கலைந்தது. காரணம் கேட்க வந்த மேடம், அக்கா ஒயரைச் சுருட்டுவதிலேயே கண்ணாக இருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பிப்போனார். கொஞ்ச நேரம் கழித்து ஒட்டகம் வந்தான். செருப்பு கையில் இருந்தது.

“பாஸ் போட்டுட்டாங்கக்கா.”

“ம்.”

“பாட்டு முடிஞ்சதும் அணைக்கத்தானே மேடம் சொல்லியிருந்தாங்க? நீங்க ஏன்க்கா விட்டு வச்சீங்க?”

அக்கா அண்ணாந்து அவனைப் பார்த்தார். ஹெட்செட் கழுத்தில் கிடந்தது. அதை அணைக்க மறந்திருந்தார்.

“போடா” என்றார்.

மேலே, கண்ணாடி அறைக்குள், லைட்டுக்காரரின் விரல் தன் கடமையைச் செய்தது.