வரிசையில் வந்த பெயர்

அப்பா மிஷன் ஊழியர். தரங்கம்பாடிப் பக்கத்திலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு அனுப்பப்பட்டவர். காலையும் மாலையும் எங்களைப் பாயில் உட்காரவைத்து ஜெபிப்பார். இட்லி ஆறிப்போகிற அளவுக்கு நீளமான ஜெபம். அதில் எங்கள் நால்வர் பெயரும் பிறந்த வரிசையில் வரும்: அண்ணன், நான், தங்கை, தம்பி. தன் பெயர் வந்ததுமே தங்கை "ஆமென்" என்று எழுந்துவிடுவாள். அவளுக்கு ஜெபம் அவ்வளவுதான்.

ஐம்பத்தெட்டோ ஐம்பத்தொன்பதோ, ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. திருச்சி ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். ஆறு வயது. எங்களுக்குக் கல்லறைத் தோட்டம் காவிரிக்கு அந்தப் பக்கம், திருச்சியில்தான். அவளை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறி வந்தோம். அதன்பிறகு வீட்டில் அம்மாதான் ஜெபித்தாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மிஷன் குடும்பங்கள் எல்லாம் திருச்சியில் கூடிச் சாப்பிடுவோம். சாப்பாட்டுக்கு முன் ஒவ்வொரு குடும்பமும் எழுந்து, முடிகிற வருஷத்துக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்ல வேண்டும். எனக்கு ஆத்திரமாக வந்தது. இந்த வருஷத்துக்கு என்ன நன்றி வேண்டிக்கிடக்கிறது?

புறப்படும்போது அம்மா அப்பாவிடம் சொன்னாள்: "அவ பேரை மட்டும் அங்க எடுக்காதீங்க. என்னால நிக்க முடியாது."

"சரி" என்றார் அப்பா.

எங்கள் முறை வந்தது. மழை, வீடு, சோறு என்று அப்பா நல்லபடியாகத்தான் நன்றி சொல்லிக்கொண்டு போனார். "எங்கள் பிள்ளைகளைக் கண்மணி போலக் காத்தீரே" என்றதும் நாக்கு பழைய தடத்தில் இறங்கிவிட்டது. அண்ணன் பெயர் வந்தது. என் பெயர் வந்தது. நான் அவர் ஜிப்பாவைப் பிடித்து இழுத்தேன். அதற்குள் தங்கையின் பெயரும் வந்துவிட்டது.

கூடத்தில் எல்லோரும் வழக்கம்போல "ஸ்தோத்திரம்" என்றார்கள். சொன்ன பிறகுதான் அவர்களுக்கும் உறைத்தது. அவள் ஆமென் சொல்லுகிற இடம் அது. அப்பா அங்கேயே நின்றுவிட்டார். பரிமாறுகிறவர்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டார்கள். கடைசியில் அம்மாதான் தம்பியின் பெயரைச் சொல்லி ஜெபத்தை முடித்துவைத்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா அம்மாவின் முகத்தைப் பார்க்கவேயில்லை. "தப்பு பண்ணிட்டேன்" என்றார்.

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. அம்மா மெதுவாகச் சொன்னாள்: "எவ்வளவு நாளாச்சு அந்தப் பேரைக் கேட்டு. இன்னொரு தடவை சொல்லுங்களேன்."

அப்பா வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை. பாலம் முடியும்வரை அம்மா காத்திருந்தாள்.

பொங்கலுக்குப் பிறகு அப்பா மறுபடி வீட்டில் ஜெபிக்க ஆரம்பித்தார். "பிள்ளைகளை ஆசீர்வதியும்" என்பதோடு சரி. சாகும்வரை அவர் ஜெபத்தில் எங்கள் யார் பெயரும் வரவில்லை. நான் திருட்டுத்தனமாகக் கண்ணைத் திறந்து பார்ப்பேன். அந்த இடம் வரும்போதெல்லாம் அம்மாவும் கண்ணைத் திறந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள்.