மூன்று மணிக் கையெழுத்து

எங்கள் வார்டு நர்ஸ் பிளாரன்சக்காவுக்கு வாரம் நாற்பத்தெட்டு மணி நேர வேலை. எங்கள் மருத்துவமனைப் பதிவேடு அப்படித்தான் சொல்கிறது. காலை ஏழிலிருந்து மூன்று வரை, ஆறு நாள். அதே வார்டின் இன்சார்ஜ் சிஸ்டர் அருணாசலவடிவாகிய எனக்கும் அதே நாற்பத்தெட்டுதான். ஏரலிலிருந்து பஸ் ஏறி வந்து, இருட்டிய பிறகு வீடு போய்ச் சேருகிற என்னிடம் யாராவது இதைச் சொன்னால் கடித்துவிடுவேன்.

பதிவேடு ஏழரைக்கெல்லாம் மாடியில் ஆபீசுக்குப் போய்விடும். மறுநாள் காலையில்தான் கீழே இறங்கும். அதனால் வந்ததும் ஒரு கையெழுத்து. போகும் நேரம் மூன்று என்று எழுதி, அதையும் அப்போதே போட்டுவிடுவோம். உண்மையில் போகும்போது மணி நாலாகும், ஐந்தாகும். பதினொரு வருஷமாக அக்கா அப்படித்தான் போட்டு வருகிறார்.

அவர் கணவர் ஜெரால்டு கப்பலில் வேலை பார்க்கிறார். வருஷத்தில் ஒன்பது மாதம் கடலில். இந்த வருஷம் பனிமய மாதா திருவிழாவுக்கு ஊரில் இருப்பார் என்று தெரிந்ததும், அக்கா லீவு சேர்க்க ஆரம்பித்தார். இருபத்தேழு நாள் சேர்ந்தது. காய்ச்சலோடும் டூட்டிக்கு வந்தார்.

"லீவு போட்டுட்டுப் படுங்கக்கா" என்றால், "ஏளா, அது அவுக வரும்போது எடுக்கதுக்குள்ள லீவு" என்பார்.

மே மாதக் கடைசியில் ஒரு நாள் மதிய ஷிப்டு சிஸ்டர் வரவில்லை. மூச்சுத்திணறலோடு வந்த பெரியவர் ஒருவர் ஆக்சிஜன் மாஸ்க்கைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தார். கையைப் பிடித்தபடி பக்கத்தில் ஆள் உட்கார வேண்டும்.

"இவரு உறங்குற வரைக்கும் இருங்கக்கா" என்று சொன்னவள் நான்.

"சரி. வீட்டுக்குப் போனா மட்டும் என்ன, கட்டிலப் பாத்து விழத்தான போறேன்."

ஐந்து மணிக்கு ஸ்கூட்டரை எடுத்தவர், துறைமுகச் சாலையில் உப்பு லாரி சிந்திய ஈரத்தில் சறுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் விபத்து என்றால் எங்களுக்குத் தனி லீவு உண்டு. சேர்த்து வைத்த லீவில் கைவைக்க மாட்டார்கள். அதைக் கேட்கத்தான் அக்கா கட்டுப் போட்ட கையோடு வந்தார். நிர்வாக அலுவலர் பாண்டியராஜ் பதிவேட்டை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"மூணு மணிக்கு வெளிய போயிருக்கீங்க சிஸ்டர். விழுந்தது அஞ்சேகாலுக்கு. நடுவுல எங்க போனீங்க?"

"எங்கயும் போகல சார். வார்டுலதான் இருந்தேன். வடிவுகிட்ட கேளுங்க."

என்னைக் கூப்பிட்டார்கள். அக்காவின் கையெழுத்துக்கு நேர் கீழே என் கையெழுத்து. அதிலும் மூன்று மணி. மேலே இருப்பது பொய் என்றால் கீழே இருப்பதும் பொய்.

"சரியா நினைப்பில்ல சார்" என்றேன்.

அக்கா நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். படியிறங்கும்போது, "நீ சாப்பிட்டியா ஏளா?" என்று மட்டும் கேட்டார். இன்றுவரை என்மேல் எனக்கே ஆத்திரம் ஆறவில்லை.

இருபத்தேழு நாளும் மாவுக்கட்டுக்கே போயிற்று; மீதி நாளுக்குச் சம்பளம் பிடித்தார்கள். ஜூலை நடுவில் அக்கா வேலைக்குத் திரும்பினார். மாதக் கடைசியில் கோயிலில் திருவிழாக் கொடியேறியது. ஜெரால்டும் வந்து சேர்ந்தார்.

மறுநாள் மூன்று மணிக்கு நான் பார்மசிக்கு இறங்கியபோது அவர் வாசலில் நின்றிருந்தார். சலவைச் சட்டை, கையில் ஒரு முழம் மல்லிகைப்பூ.

"மூணு மணிக்கு டூட்டி முடிஞ்சிரும்னுதான போன்ல எப்பவும் சொல்லுவா. கோயிலுக்குக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன்."

கடலில் கிடக்கிறவர் கவலைப்படக்கூடாது என்று அக்கா அவரிடமும் அந்த மூன்று மணியையே சொல்லி வைத்திருக்கிறார்.

"அஞ்சு மணிக்கு மேல வாங்கண்ணாச்சி. அக்கா ஒரு நாளும் மூணு மணிக்கு வெளிய வந்ததில்ல."

ஆபீசில் வராத வார்த்தை, வாசலில் தடங்கலில்லாமல் வந்தது. அவர் வாட்சைப் பார்த்தார்.

"பரவால்ல தாயி. இங்கனயே இருக்கேன்" என்று படியில் உட்கார்ந்தார்.

அன்றைக்கும் மதிய ஷிப்டுக்கு ஆள் வரவில்லை. அக்காவை இருக்கச் சொல்லிவிட்டுத்தான் நான் கீழே இறங்கி வந்திருந்தேன்.