ஒரு மணிச் சாப்பாடு

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனி, வீட்டுத் தண்ணீர் மோட்டாரைச் செல்போனிலிருந்தே போட்டு நிறுத்தும், டேங்க் நிரம்பினால் தானாகவே அணைக்கும் கருவி ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தது. அந்த டீமுக்கு நான்தான் பொறுப்பு. கருவிக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டைச் செய்கிறவர்கள், போனுக்கான ஆப் எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒரு மணிக்கு ஒரே மேஜையில் சாப்பிடுவோம். யார் எதை மாற்றினாலும் எலுமிச்சை சாதத்துக்கும் உருளைக்கிழங்கு வறுவலுக்கும் நடுவில் அது எல்லார் காதிலும் விழுந்துவிடும். தனியாக மீட்டிங் என்று ஒன்று கிடையாது.

புதிதாக வந்த மேலாளருக்கு அது பிடிக்கவில்லை. "என்ன இது, சந்தைக்கடை மாதிரி?" என்றார். டீமை இரண்டாகப் பிரித்தார். போர்டுக்காரர்களுக்கு மாடி, சாப்பாடு பன்னிரண்டரைக்கு. ஆப்காரர்களுக்குக் கீழ்த்தளம், ஒன்றரைக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பச் சேர்த்துவிடுங்கள் என்று போய் நின்றேன்.

"வெள்ளிக்கிழமை டீலர்களுக்கு டெமோ. அது நல்லபடியா முடியட்டும், அப்புறம் சேர்க்கறதைப் பத்திப் பேசலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நாள்களை ஓட்டினேன்.

சும்மா ஓட்டவில்லை. மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கி முழங்கால் விட்டுப்போனது. யாரைக் கேட்டாலும் "எல்லாம் ஓகே மேடம்." அந்த ஓகேயைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. பருத்திப்பட்டில் இருக்கும் வீட்டுக்கு வந்தாலும் சோறு இறங்காது. "ஆபீசை ஆபீஸ்லயே விட்டுட்டு வர மாட்டியா?" என்று கணவர் எரிந்து விழுந்தார். அவருக்கென்ன!

வியாழக்கிழமை பொறுக்க முடியவில்லை. ஒரு மணிக்கு எல்லாரும் டிபன் பாக்ஸோடு பழைய மேஜைக்கு வாருங்கள் என்றேன். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வருகிற போர்டுக்காரப் பெண் அப்பளத்தை ஒடித்தபடியே சொன்னாள்: "டேங்க் ரொம்பினா வர்ற சிக்னலைத் தலைகீழா மாத்திட்டோம் மேடம். இனிமே ரொம்பினா சிக்னல் நின்னுடும். ஒயர் அறுந்தாலும் மோட்டார் ஓடாது, அதுதான் சேஃப்."

எதிரே ஆப் எழுதும் நெமிலிச்சேரிக்காரன். அவன் கை வாய்க்குப் போகாமல் நின்றது.

"இன்னாது, மாத்திட்டியா? எங்களாண்ட யாரு சொன்னா? என் ஆப்பு பழசத்தான படிச்சிகினு கீது. டேங்க் ரொம்பினா மோட்டார நிறுத்தாது, போட்டுடும்!"

"கீழ யாராவது சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சோம்" என்றாள் அவள், முகம் வெளிறிப்போய்.

மிச்சச் சோற்றை யாரும் தொடவில்லை. இருவரும் ஒரே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, சண்டை போட்டுக்கொண்டே சாயங்காலத்துக்குள் சரிசெய்தார்கள்.

வெள்ளிக்கிழமை டேங்க் நிரம்பியது, மோட்டார் நின்றது, டீலர்கள் கைதட்டினார்கள். அப்பாடா என்று உட்கார்ந்தேன். மேலாளர் எழுந்தார். "பாத்தீங்களா? ரெண்டு டீமாப் பிரிச்ச பலன் இது. அடுத்த வாரத்துலேர்ந்து மூணாப் பிரிச்சிடலாம்."

என்ன மனுஷன் இவர்! தண்ணீர் வழிந்து அவர் ஷூவை நனைக்கட்டும் என்று விட்டிருக்கலாமோ என்று, சத்தியமாக, ஒரு கணம் தோன்றியது. அவர் அறைக்கே போய், மேஜையில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"திங்கக்கிழமை ஒரு மணிக்கு எங்ககூட வந்து சாப்பிடுங்க சார். உங்களுக்கே புரியும்."

"ஒரு மணிக்கா?" என்றார். "மூணாவது டீமுக்குப் பன்னெண்டுன்னு போட்டிருக்கேன். ஒரு மணிக்கு இனிமே யாருக்குமே லஞ்ச் இல்லையே மேடம்."