நாகதம்பிரானுக்கு வைத்த பால்

மோர்டனில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்புறத் தோட்டத்தில் புல் கிடையாது. வீட்டுக்காரர் இலண்டனுக்கு வருமுன் தெற்குப் பிரான்சின் கடற்கரையில் பல ஆண்டுகள் தோட்ட வேலை செய்தவர். மழையை எதிர்பாராமல் வெயிலிலேயே வாழும் அந்தக் கடற்கரைத் தோட்டங்களின் முறையை இங்கும் கொண்டுவந்திருந்தார். புல்தரையைக் கொத்தி அகற்றி, சரளைக் கல் பரப்பி, லாவெண்டரும் ரோஸ்மேரியும் நட்டு, வேலியோரம் ஓர் அத்தியையும் நடுவில் ஓர் ஒலிவ மரத்தையும் வளர்த்திருந்தார். கோடையில் ஒரு வாளித் தண்ணீர்கூடக் கேட்காத தோட்டம். தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்து, படிப்பு முடிந்ததும் ஒரு தொண்டு அமைப்பில் வேலைக்குச் சேர்ந்திருந்த எனக்கு அது மிகவும் நியாயமான தோட்டமாகப் பட்டது.

அந்தக் கற்களின் சூட்டைத் தேடித்தான் அது வந்திருக்க வேண்டும். வெண்கல நிறம், ஒரு முழ நீளம்கூட இராது, ஒலிவ மரத்தடியில் அசையாமல் கிடந்தது. முதலில் பார்த்தவர் வீட்டுக்காரரின் மனைவி. அவரை நான் அக்கா என்றும், வீட்டுக்காரரை அண்ணா என்றும் அழைப்பேன்.

"இஞ்சாருங்கோ, ஓடி வாங்கோ!" என்று அக்கா கூப்பிட்டார். அண்ணா மண்வெட்டியோடு வந்தார்.

"அதை வையுங்கோ கீழை. நாகதம்பிரான் வந்திருக்கிறார்."

நான் குனிந்து பார்த்தேன். "அக்கா, இது பாம்பு இல்ல. கால் இல்லாத பல்லி வகை. பாருங்க, கண்ணைச் சிமிட்டுது. பாம்புக்கு இமையே கிடையாது."

"ஓம், சிமிட்டினவர். எனக்குத்தான் சிமிட்டினவர்."

"இந்தியாப் பிள்ளை படிச்ச படிப்பு முழுக்க வீணாப் போச்சு," என்று அண்ணா சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அவருக்கு அப்போது மூன்றாம் மாதம். முன்பு இரண்டு முறை கரு தங்கவில்லை. பாம்புத் தெய்வமான நாகதம்பிரானுக்குப் பாலும் முட்டையும் வைத்துப் பிள்ளை வரம் கேட்பது அவர்கள் ஊரான யாழ்ப்பாணத்தில் வழக்கம். அன்று மாலையே அக்கா நேர்த்தி வைத்து, ஒலிவ மரத்தடியில் ஒரு தட்டில் பாலையும் பக்கத்தில் ஒரு முட்டையையும் வைத்தார்.

காலையில் இரண்டும் இல்லை. மறுநாள் முட்டையைக் கவ்விக்கொண்டு வேலி தாண்டிய நரியை அண்ணா கண்டுவிட்டார். "நரிக்கும் சேர்த்தோ நேர்த்தி?" என்று கேட்டார். முட்டை வைப்பது நின்றது, பால் வைப்பது நிற்கவில்லை. ஒவ்வொரு காலையும் தட்டு காலியாக இருந்தது. மாடிப்படி ஏறவே அஞ்சியிருந்தவர், குழந்தைக்கென்று எதையும் வாங்கக்கூடாது என்று எங்களைத் தடுத்திருந்தவர், அக்கா ஒரு சனிக்கிழமை டூட்டிங் கடைத்தெருவுக்குப் போய்ச் சின்னஞ்சிறு போர்வை ஒன்றை வாங்கி வந்தார். அந்தப் பல்லி பால் குடிக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு தட்டுப் பாலால் யாருக்கும் கேடில்லை என்று எண்ணி, பேசாமல் இருந்தேன்.

கோடை முடியும் தறுவாயில் ஒரு நண்பகலில், லாவெண்டர் செடிகளுக்கு நடுவே ஒரு முள்ளெலி கிடந்தது. சுருளக்கூடத் தெம்பில்லாமல் கால்களை நீட்டியிருந்தது, ஈக்கள் மொய்த்தன. விலங்குகளை மீட்கும் இடமொன்றைத் தொலைபேசியில் அழைத்தேன். பகலில் முள்ளெலி வெளியே கிடந்தால் நோய் முற்றியிருக்கிறது என்று பொருள் என்றார் பேசிய பெண். துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து, சுடுதண்ணீர்ப் பை ஒன்றையும் வைத்து உடனே கொண்டுவரச் சொன்னார். பிறகு, அந்தத் தோட்டத்தில் யாராவது பால் வைக்கிறார்களா என்று கேட்டார்.

"என்ன சொல்லுகினம்?" அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொன்னால், அவர் பற்றியிருந்த ஒரே பிடியை நானே விலக்குகிறேன். பால் நின்றபின் கருவுக்கு ஏதும் நேர்ந்தால், அந்தத் துயரத்துக்கு என் வாக்கியமும் ஒரு காரணமாக அவர் மனத்தில் தங்கிவிடும். சொல்லாவிட்டால், இதற்குப் பின் வரும் உயிர்களும் அந்தத் தட்டில்தான் வாய் வைக்கும்.

"பால் இதுக்கு ஒத்துக்காதாம் அக்கா. குடிச்சா வயித்தால போகுமாம். செத்துக்கூடப் போகுமாம்."

"அப்ப, இவ்வளவு நாளும் குடிச்சது இதுதானோ?"

"ஆமா அக்கா. இதுவாத்தான் இருக்கும்."

"அதை இப்ப ஏன் யோசிக்கிறாய்," என்று அண்ணா இடைமறித்தார்.

"நீங்கள் சும்மா இருங்கோ." அக்கா ஒரு துண்டை எடுத்துவந்து, முட்கள் குத்துவதைப் பொருட்படுத்தாமல் அதைத் தானே தூக்கினார். காரில் பெட்டி அவர் மடியில்தான் இருந்தது.

அன்று மாலையும் அவர் பால் வைத்தார். நான் தடுக்கவில்லை. காலையில் பால் வைத்தபடியே இருந்தது. மேலே ஆடை படிந்து, ஓரத்தில் ஒரு நத்தை ஒட்டியிருந்தது. அவர் நெடுநேரம் அதையே பார்த்துவிட்டு, பாலை வடிகாலில் ஊற்றினார்.

சில நாட்கள் கழித்து மீட்பு இடத்திலிருந்து அழைப்பு வந்தது. முள்ளெலி தேறிவிட்டது. அகப்பட்ட இடத்திலேயே திரும்ப விடுவதுதான் அவர்கள் முறையாம். ஆனால் அங்கே தண்ணீர் மட்டுமே வைப்போம் என்று வீட்டுக்காரர் உறுதி சொல்ல வேண்டும்.

"நாளைக்குச் சொல்லுறன் எண்டு சொல்லும் பிள்ளை," என்றார் அக்கா. மறுநாள் காலை எங்கள் இருவரிடமும் சொன்னார்: "வரட்டும். அதின்ரை இடம்தானே. ஆனால் நேர்த்தியை விடேலாது. பாலை ஆர்ச்வே முருகன் கோயிலுக்குக் கொண்டுபோறன்."

"நாகதம்பிரானின்ரை பாலை முருகன் வாங்குவாரோ?" என்றார் அண்ணா.

"மயிலின்ரை காலுக்குக் கீழை பாம்பும்தானே நிக்குது. அவையள் தங்களுக்குள்ளை பங்கு போடுவினம்."

நானும் கூடப் போனேன். நார்தர்ன் லைன் ரயிலில் தெற்கு முனையான மோர்டனிலிருந்து ஆர்ச்வே வரை, பால் போத்தலை இரு கைகளாலும் பிடித்தபடி அவர் வந்தார். ரயில் குலுங்கும்போதெல்லாம் கண்களை மூடிக்கொண்டார்.

முள்ளெலி வந்த மாலை, பெட்டியை லாவெண்டர் ஓரத்தில் வைத்துத் திறந்தோம். அது உருண்டையாகச் சுருண்டு அசையாமல் இருந்தது. அண்ணா பெட்டியைச் சரிக்கப் போனார்.

"கை வையாதேங்கோ. பயந்துபோயிருக்கு. தானா விரியட்டும்."

நின்றோம். அக்காவுக்கு அப்போது நான்காம் மாதம். முந்தைய இரண்டும் அந்த மாதத்தைத் தாண்டவில்லை. வெளிச்சம் குறைந்து செடிகளின் நிறம் தெரியாமல் போன வேளையில், முட்களுக்கிடையே ஒரு மூக்கு வெளிப்பட்டது. பிறகு கால்கள். அது அவசரமில்லாமல் சரளைக் கல்லைக் கடந்து அத்திமரத்துப் பக்கம் போய் மறைந்தது.

அது போன திசையை அக்கா சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "எனக்குப் பசிக்குது," என்றார்.