அக்கா ஊருக்குப் போயிருக்காங்க

வாடகைக் கார் அலுவலகத்தில் போன் வைத்திருக்கும் மேசை மட்டும் குட்டை. அக்காவின் சக்கர நாற்காலிக்குத் தோதாக முதலாளி ஆள் வைத்து அதன் கால்களை அறுத்துக் கொடுத்திருந்தார். இப்போது அதன் முன்னால் தம்பி நிற்கிறான். பக்கத்தில் புது நாற்காலி ஒன்று சும்மா கிடக்கிறது. போன் அடித்தால் இடுப்பை வளைத்து எடுப்பான், முகவரியைக் குறிப்பான், நிமிர்வான், ஜன்னல் வரை போவான், வயர் பிடித்து இழுக்கும், திரும்புவான். மறுபடி போன் அடிக்கும்.

“உக்காந்து தொலையேன்டா. பாக்கிற எங்களுக்குக் கால் வலிக்குது” என்றார் முதலாளி.

“உக்காந்தா தூக்கம் வரும் சார்.”

பச்சைப் பொய். அக்கா செத்த நாளிலிருந்து அவனுக்குத் தூக்கம் என்பதே இல்லை. கார் ஓட்டிக்கொண்டிருந்தவனை முதலாளிதான் கெஞ்சிக் கூத்தாடி மேசைக்குக் கொண்டுவந்தார். அக்கா இல்லாத ஒரே வாரத்தில் ஓட்டுநர்கள் சவாரிக்கு அடித்துக்கொண்டார்கள். யாரை எந்தப் பக்கம் அனுப்பினால் சாப்பாட்டு நேரத்துக்கு அவன் வீட்டை ஒட்டி வருவான் என்பது அவளுக்குத்தான் தெரியும். குரலைக் கேட்டே, “நீ இன்னும் சாப்பிடல, பொய் சொல்லாத, போய்த் தின்னுட்டு வா” என்று விரட்டுவாள். அந்தக் கணக்கு கொஞ்சமாவது பிடிபடக்கூடிய ஒரே ஆள் தம்பி.

கைக்குழந்தையில் வந்த காய்ச்சல் அவள் கால் இரண்டையும் சூம்ப வைத்துவிட்டுப் போனது. அதற்காக அவள் மூலையில் முடங்கி அழுதாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவளைவிட இரண்டு வயது சின்னவனான தம்பிதான் மூட்டை தூக்குகிற மாதிரி அவளை முதுகில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகத் திரிந்தான். இடது காதை இழுத்தால் இடப்பக்கம், வலது காதை இழுத்தால் வலப்பக்கம். இரண்டையும் சேர்த்து முறுக்கினால் நில், அங்கே வேடிக்கை இருக்கிறது என்று அர்த்தம். நாய்ச்சண்டை, புருஷன் பெண்டாட்டி சண்டை, எதையும் விடமாட்டாள். வீட்டுக்கு வந்ததும் அத்தனையும் நடித்துக் காட்டி அம்மாவைச் சிரிக்க வைத்துவிடுவாள். அவன் காது சிவந்திருப்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

வேலை கேட்டு வந்த அன்று, “மாடிப்படி இருக்கேம்மா” என்று முதலாளி தலையைச் சொறிந்தார். “படி என் தம்பி பாடு, போன் என் பாடு” என்றாள். கீழே நாற்காலியோடு மூச்சிரைத்துக்கொண்டு நின்றவனிடம், “ஏன்டா இன்னும் நிக்கிற? வேல கெடச்சிருச்சு, தூக்கிட்டு வா” என்று மாடியிலிருந்தே கத்தினாள். முதல் நடையில் அவன் அவளை மட்டும்தான் தூக்கிக்கொண்டு போய் உட்கார வைத்திருந்தான்.

பவுடர், கண்ணுக்கு மை, வளையல் எல்லாம் போட்டுக்கொண்டு, பார்க்க முடியாத வாடிக்கையாளர்களோடு நாள் முழுக்கப் பேசினாள். ஓட்டுநர்களுக்குப் பட்டப்பெயர் வைத்தது அவள்தான். எப்போதும் அலறுகிறவன் ஹாரன், எதற்கும் தயங்குகிறவர் பிரேக். தம்பி பம்பரம். ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது ஒருவர் காரில் ஏறிக்கொண்டு, வாரம் முழுக்க வாயால் சொன்ன தெருக்களைக் கண்ணால் பார்க்கப் போவாள். “சே, இந்தத் தெருவ நான் இன்னும் அழகா நெனச்சிருந்தேன்” என்று உதட்டைப் பிதுக்குவாள். அடுத்த வாரமும் அதே ஆசையோடு கிளம்புவாள்.

போன மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், திரும்பி வரவில்லை.

தம்பி மேசைக்கு வந்த முதல் நாளே போனில் ஒரு குரல், “அக்கா இல்லையா?” என்றது. செத்துப்போய்விட்டாள் என்பது வாய் வரை வந்தது. “ஊருக்குப் போயிருக்காங்க” என்றான். அப்படி ஆரம்பித்தது. ஓட்டுநர்களையும் மிரட்டி வைத்தான்: “எவனாவது வாயத் தொறந்தீங்க, அப்புறம் சவாரியே கெடையாது.”

மற்றவர்கள் ஒரு தடவை கேட்டுவிட்டு விட்டார்கள். தையலம்மாதான் விடவில்லை. கடைவீதியில் துணி தைக்கிறவர். வாரத்துக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். ஒவ்வொரு முறையும் கார் கேட்டதும் அடுத்த கேள்வி, “உங்க அக்கா எப்ப வர்றாங்க?”

“அடுத்த வாரம்மா.” அடுத்த வாரம் வந்ததும், “இன்னும் கொஞ்ச நாள் ஆகும். கடலப் பாக்கப் போயிருக்கா.”

“அப்புறம்?”

“அப்புறம்... மலைக்குப் போறா.”

பொய்க்குக் கால் முளைத்துவிட்டது. அது அக்காவையும் நடக்க வைத்தது. மணலில் ஓடினாள், மலை ஏறினாள், செருப்பு அறுந்து வெறுங்காலோடு இறங்கினாள். சொல்லும்போது அவனுக்கு இனித்தது. போனை வைத்ததும் ஜன்னலுக்கும் மேசைக்கும் இன்னும் வேகமாக நடந்தான். ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் அந்த அம்மாவிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த வார்த்தையை அவன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அக்கா செத்த அன்றைக்கும் டாக்டர்தான் எல்லோரிடமும் சொன்னார்.

ஒரு நாள் கொட்டுகிற மழை. ஒரு காரும் கையில் இல்லை. தையலம்மாவுக்கு நேரமாகிவிட்டது. போனை முதலாளியிடம் தள்ளிவிட்டு, அவருடைய சொந்தக் காரில் அவனே போய் ஏற்றிக்கொண்டான். ஒல்லியான பெண்மணி, மடியில் துணிப்பை. ஏறி முன் சீட்டில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

“நீங்கதான் தம்பியா? அக்கா இப்ப எங்க?”

“மலையில... மழையாம். அதான் இறங்க முடியல.”

“நல்லா நடக்கிறாங்களா?”

ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வேண்டிய இடத்தை விட்டுவிட்டான். சுற்றிக்கொண்டு வந்து மறுபடியும் விட்டான். இத்தனை வருஷம் ஓட்டுகிறவன், கண்ணைக் கட்டினாலும் போகத் தெரிந்த வழி. தையலம்மா வைப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவழியாக வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான். அவர் இறங்கவில்லை.

“எப்ப வருவாங்க தம்பி?”

“வரமாட்டா.” அவன் குரல் அவனுக்கே அடையாளம் தெரியவில்லை. “எங்கக்கா செத்துப்போயிட்டாம்மா. அவளுக்கு நடக்கவே வராது. நான் சொன்னதெல்லாம் பொய்.”

“தெரியும்.”

அவன் திரும்பிப் பார்த்தான்.

“இங்கதானே மேல் மாடியில படுத்திருந்தாங்க, உங்க டிரைவர் ஒருத்தர் அப்பவே சொன்னாரு. நான் கீழ வர்ற நாள்லாம் போய்ப் பாத்துட்டுத்தான் போவேன். ஒரு நாள்கூட நீங்க கண்ணுல படல.”

எப்படிப் படுவான்? அந்த நாட்களில் கட்டில் பக்கத்தில் அவனால் ஐந்து நிமிடம் உட்கார முடியவில்லை. மருந்து வாங்கப் போகிறேன், டீ குடிக்கப் போகிறேன், கார் இடைஞ்சலாக நிற்கிறது என்று வராந்தா வராந்தாவாக அலைந்தான்.

“தெரிஞ்சுமா கேட்டீங்க? ஒவ்வொரு தடவையும்?” கோபத்தில் அவனுக்கு மூச்சு வாங்கியது.

“கேக்கச் சொன்னதே அவங்கதான். ‘என் தம்பி யார்கிட்டயும் சொல்லமாட்டான், ஏதாவது கத விடுவான். நீங்க கேட்டுக்கிட்டே இருங்க’ன்னாங்க.” தையலம்மா பையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். “‘என்னைக்காவது சொல்லுவான். அன்னைக்கு அவன் பக்கத்துல யாராவது உக்காந்திருக்கணும்’னு சொன்னாங்க.”

அவன் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக் குலுங்கினான். பின்னால் வந்த ஆம்புலன்ஸ்காரன் ஹாரன் அடித்தான்.

“வண்டிய கொஞ்சம் ஓரமா எடுங்க தம்பி” என்றார் தையலம்மா. “எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.”